படத்தில் முழு மெஷின், விலையில் தலை மட்டும்

கேள்வி:

அக்கா, நான் வீட்டில் தையல் செய்கிறேன். சீட்டுக் காசு கைக்கு வந்ததும், கார்மண்டில் பாவிக்கிற பவர் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று ஒன்லைனில் தேடினேன். 95,000 ரூபாயைக் குறுக்கே வெட்டிவிட்டு 28,500 ரூபாய், 70 வீதக் கழிவு, இன்னும் 2 மட்டுமே என்று ஒரு விளம்பரம் இருந்தது. படத்தில் மேசை, மோட்டர், நூல் ஸ்டாண்ட் எல்லாவற்றோடும் மெஷின் நின்றது. விட்டால் போய்விடும் என்று அன்றைக்கே 5,000 ரூபாய் அட்வான்ஸ் வங்கியில் போட்டேன். பிறகுதான், "அது தலைக்கு, அதாவது மேசைக்கு மேலே இருக்கிற தைக்கிற பகுதிக்கு மட்டும் விலை, மேசைக்கும் மோட்டருக்கும் 38,000, டெலிவரி 4,500" என்றார்கள். எனக்கு வேண்டாம் என்றேன். எல்லாம் விளம்பரத்தில் எழுதித்தான் இருக்கிறது, அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். டவுனில் ஒரு கடையில் கேட்டால் முழு செட் 74,000, ஆறு மாத உத்தரவாதம், வீட்டுக்கு வந்து பூட்டித் தருவார்களாம். வீட்டில் எல்லாரும் என்னைத்தான் ஏசுகிறார்கள். இது என் பிழையா? காசு திரும்பக் கிடைக்குமா? இதற்குள் தம்பி வேறு 125,000 ரூபாய்க்கு ஒன்லைனில் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்கிறான். ஸ்கிரீன்ஷொட் எல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

வாசகி, கொக்கட்டிச்சோலைப் பக்கம்

பதில்:

தங்கச்சி, வீட்டில் ஏசுகிறவர்களுக்கு இந்தப் பதிலை முதலில் வாசித்துக் காட்டுங்கள். பிழை உங்களுடையது இல்லை. இருபது வருடமாகச் சட்டத்தரணியாக இருக்கிற நானும் அந்தப் படத்தையும் அந்த விலையையும் பார்த்திருந்தால், 28,500 ரூபாய்க்கு முழு மெஷின் என்றுதான் எடுத்திருப்பேன். அப்படி எடுக்கவேண்டும் என்றுதான் அந்த விளம்பரமே போடப்பட்டிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய நான்கு ஸ்கிரீன்ஷொட்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே தமிழில், கொட்டை எழுத்தில், "மட்டக்களப்பு, அம்பாறை எங்கும் டெலிவரி" என்று இருக்கிறது. அதுவும் விலையும் படமும் மட்டும்தான் முதலில் தெரிகிறது. மற்றதைப் பார்க்க "மேலும்" என்ற சின்னச் சொல்லைத் தொடவேண்டும். தொட்டால் பதினொரு வரி விரிகிறது. நிறம், ஊசி நம்பர், தையல் வேகம் எல்லாம் சொல்லி முடித்து, பத்தாவது வரியில் ஆங்கிலத்தில் "ஹெட் ஒன்லி" என்று இரண்டு சொல். ஆளைக் கூப்பிடுகிற வரி தமிழில். ஆளைக் கட்டிப்போடுகிற வரி ஆங்கிலத்தில். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். தமிழில் விளம்பரம் எழுதத் தெரிந்தவருக்கு "தலை மட்டும்" என்று எழுதத் தெரியாமல் போகுமா?

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். தலையைத் தனியாக விற்பது பிழையான வியாபாரம் இல்லை. மேசையும் மோட்டரும் ஏற்கெனவே வைத்திருக்கிற தையல்காரர்கள், பழைய தலை தேய்ந்துபோனால் தலையை மட்டும் வாங்கிப் பூட்டுவார்கள். அவர்களுக்கு அந்த விலை சரியான விலையாகக்கூட இருக்கலாம். பிழை என்னவென்றால், தலையை விற்கிறவர் முழு செட்டின் படத்தைப் போட்டதுதான். பவர் மெஷின் தலை, மோட்டரும் மேசையும் இல்லாமல் ஒரு தையல்கூடப் போடாது. வீட்டு மெஷின்போலக் கையால் சுற்றிச் சமாளிக்கிற சாமான் இல்லை அது. புதிதாக வாங்குகிற ஒருவருக்கு 28,500 ரூபாய் என்பது எந்தக் காலத்திலும் விலையாக இருந்ததே இல்லை. உங்களுக்கான விலை 28,500, 38,000, 4,500 மூன்றையும் கூட்டி வருகிற 71,000 ரூபாய். அந்த 71,000 விளம்பரத்தில் எங்கேயும் இல்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை கண் தானாக அங்கே போகும். ஒன்லைன் சந்தையில் நாங்கள் பொருளின் பெயரைத் தட்டிவிட்டு, குறைந்த விலை மேலே வரும்படி அடுக்குகிறோம். உண்மையாக 71,000 என்று போட்டவர் அடியில் போய்விடுவார். 28,500 என்று போட்டவர் முதல் வரியில் நிற்பார். சிலர் விலைப் பெட்டியில் 1 ரூபாய் என்று போட்டுவிட்டு "விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்" என்று எழுதுவதும் இதற்காகத்தான். நேர்மையான வியாபாரி பின்னுக்குத் தள்ளப்படுகிறார் என்பது எனக்கு உங்கள் 5,000 ரூபாயைப் போலவே வலிக்கிற விசயம். அவரும் எங்கள் ஊரில் வாடகை கட்டி, கடை திறந்து வைத்திருக்கிறவர்.

இன்னொரு வகையையும் சொல்கிறேன், நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். கல்லடியிலிருந்து ஒரு தாய் மகனோடு என்னிடம் வந்தார். ஒரு போனின் படத்துக்குக் கீழே "950 ரூபாயிலிருந்து" என்று விலை. பிள்ளை 950 ரூபாயைப் பார்த்து ஓடர் பண்ணிவிட்டான். அவர்கள் போனை வாங்கி, அந்த விளம்பரத்தில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பு என்ற கட்டத்தைத் தொட்டால் 48,000. நீலம், 48,000. மூன்றாவது கட்டத்தில்தான் 950 வந்தது. அந்தக் கட்டம் போனுக்குப் போடுகிற பின் கவர். ஒரே விளம்பரத்துக்குள் போனையும் கவரையும் "வகை" என்று சேர்த்துவிட்டால், வெளியே தெரிகிற விலை மிகக் குறைந்ததாக இருக்கும். வீட்டுக்கு வந்தது கவர்தான். பொய் சொல்லவில்லை என்று அந்த விற்பனையாளர் சாதித்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய் இல்லைதான்.

இங்கேதான் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் தன் வியாபாரத்தில் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துகிற, ஏமாற்றுகிற, அல்லது அப்படி வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையிலும் ஈடுபடக்கூடாது என்கிறது. அந்த "கூடிய" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல் பொய் என்று நீங்கள் காட்டவேண்டிய அவசியம் இல்லை. படம், விலை, எழுத்தின் அளவு, மொழி எல்லாம் சேர்ந்து சாதாரண ஆள் ஒருவரைப் பிழையான எண்ணத்துக்குக் கொண்டுபோகுமா என்பதுதான் கேள்வி. 31ஆம் பிரிவு பொருளைப் பற்றிப் பொய்யாகக் காட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. கடையா, கைத்தொலைபேசியா என்று இந்தப் பிரிவுகள் வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஆனால் "வியாபாரி" என்ற சொல் முக்கியம். தன் வீட்டில் கிடந்த பழைய மெஷினை ஒருமுறை விற்கிற தனி ஆள் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். ஆகவே அந்த விற்பனையாளரின் பெயரைத் தொட்டு, அவர் போட்டிருக்கிற மற்ற விளம்பரங்களையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பத்து மெஷின் விற்பனைக்குப் போட்டிருக்கிறவர் தனி ஆள் இல்லை. இதை இன்றைக்கே செய்யுங்கள். விளம்பரத்தை எந்த நேரமும் திருத்தலாம், அழிக்கலாம். நீங்கள் ஏற்கெனவே சண்டை பிடித்துவிட்டபடியால் அவர் திருத்தக்கூடும். திகதியும் விளம்பரத்தின் இணைய விலாசமும் தெரிகிற மாதிரி எடுங்கள். வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவை அழித்துவிடாதீர்கள். இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தகவலின் சட்டவலு மறுக்கப்படக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கிறது. "போனில் இருக்கிறதெல்லாம் சாட்சியா?" என்று யாரும் உங்களை மடக்கினால் இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லவேண்டும். "28,500 ரூபாய்க்கே முழு மெஷினையும் தா" என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியும் என்று நினைக்காதீர்கள். விளம்பரம் என்பது பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் "வந்து பேசுங்கள்" என்ற அழைப்புத்தான். அதிலே ஒப்பந்தம் முடிந்துவிடுவதில்லை. நீங்கள் கேட்கக்கூடியது கொடுத்த காசை. அதைக் கேட்க உங்களுக்கு நல்ல உரிமை இருக்கிறது. பிழையான எண்ணத்தை உண்டாக்கி ஒருவரை இணங்கவைத்தால், ஏமாந்தவர் அந்த இணக்கத்திலிருந்து விலகலாம். அதைவிட, "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்ற வரியை நான்கு ஸ்கிரீன்ஷொட்டிலும் தேடினேன். இல்லை. நீங்கள் வேண்டாம் என்ற பிறகுதான் அந்தப் பேச்சே வந்திருக்கிறது. காசு கைமாறிய பிறகு ஒருவர் தானாகச் சொல்கிற நிபந்தனைக்கு நீங்கள் சம்மதித்ததாக ஆகாது.

தொலைபேசியில் கதைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்தில், ஏசாமல், இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"உங்கள் விளம்பரத்தில் மேசையும் மோட்டரும் பூட்டிய மெஷினின் படத்தைப் போட்டு விலை 28,500 ரூபாய் என்று காட்டியிருந்தீர்கள். அதை நம்பி இந்தத் திகதியில் 5,000 ரூபாய் அனுப்பினேன். அந்த விலை தலைக்கு மட்டும் என்பதைக் காசு கிடைத்த பிறகே சொன்னீர்கள். அட்வான்ஸ் திருப்பித் தரமாட்டோம் என்பதையும் அதன் பிறகே சொன்னீர்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்கு வேண்டாம். 7 நாட்களுக்குள் 5,000 ரூபாயை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்வேன்."

திகதியையும் கணக்கு இலக்கத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு நாள் போய்விட்டால், அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து, எங்கள் மாவட்டத்தில் யாரிடம் கடிதத்தைக் கொடுப்பது என்று கேளுங்கள். கடிதத்தோடு ஸ்கிரீன்ஷொட்டின் பிரதி, வங்கியில் காசு போட்ட துண்டு, நீங்கள் அனுப்பிய இந்தச் செய்தி மூன்றும் போகவேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். பொருள் விற்பனை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் துண்டில் இருக்கிற திகதிப்படி ஐந்து கிழமை போய்விட்டது. கோயில், கலியாணம், மழை என்று தள்ளிப்போடாதீர்கள்.

விற்பனையாளர் மட்டக்களப்பு ஆள் என்று தெரியவந்தால் மத்தியஸ்த சபை இன்னும் சுகமான வழி. சிறிய தொகைத் தகராறு நீதிமன்றத்துக்குப் போகமுன் அங்கேதான் போகவேண்டும், சட்டத்தரணி தேவையில்லை. முகத்துக்கு முகம் இருந்தால் 5,000 ரூபாய்க்காக மல்லுக்கட்ட வியாபாரிக்கே வெட்கமாக இருக்கும். ஆள் உங்களைப் புளொக் பண்ணிவிட்டு மறைந்துவிட்டால், அல்லது அவரிடம் மெஷினே இல்லை என்று தெரிந்தால், அது விலை விளையாட்டு இல்லை, மோசடி. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவில் வருகிற குற்றம். அப்போது பொலிஸுக்குப் போங்கள்.

அந்த வெட்டிய 95,000 ரூபாயைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உங்களை அன்றைக்கே வங்கிக்கு ஓடவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். 95,000 ரூபாயில் 70 வீதத்தைக் கழித்தால் சரியாக 28,500 வருகிறது, கணக்குச் சரி. கேள்வி, 95,000 ரூபாய்க்கு அந்தப் பொருளை யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்பது. ஒரு பெரிய எண்ணை முதலில் கண்ணில் காட்டிவிட்டால், மனம் அங்கிருந்துதான் கணக்குப் பார்க்கத் தொடங்கும். "28,500 கொடுக்கிறேன்" என்று நினைக்காமல் "66,500 மிச்சம் பிடிக்கிறேன்" என்று நினைப்போம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, விலைக் குறைப்பு என்று அறிவித்தால் அதற்கு முந்திய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. பக்கத்து இந்தியாவில் 2023 நவம்பரில் இப்படியான இணைய வியாபாரத் தந்திரங்களில் 13 வகையை வரிசைப்படுத்தித் தடை செய்தார்கள். கடைசிப் படியில் மட்டும் மேலதிகக் கட்டணத்தைக் காட்டுவதும், "இன்னும் 2 மட்டுமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இப்படிப் பெயர் சொல்லித் தடுக்கிற தெளிவான விதி இங்கேயும் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். அதுவரை, கழிவு எத்தனை வீதம் என்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதே பொருள் வேறு இரண்டு இடத்தில் என்ன விலை என்று மட்டும் பாருங்கள். நீங்கள் டவுனில் கேட்டீர்களே, அதுதான் சரியான வேலை. அட்வான்ஸ் போட முதல் கேட்டிருந்தால் என்று மட்டும்தான் எனக்குக் கவலை. இனி ஒன்லைனில் எதை வாங்கினாலும், காசு போட முதல் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: "படத்தில் இருக்கிறபடியே, கொக்கட்டிச்சோலையில் என் வீட்டு வாசலில் வந்து இறங்க, எல்லாம் சேர்த்து எவ்வளவு?" பதில் எழுத்தில் வரட்டும். எண்ணைச் சொல்லாமல் "கோல் பண்ணுங்க" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

தம்பியின் விசயத்துக்கு வருகிறேன். மெஷினைவிட எனக்குப் பயம் இதில்தான். அவன் பார்த்த விளம்பரத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். விலை 125,000 என்று இருக்கிறது. கீழே, "லீசிங் வசதி உண்டு, இன்றே ஓட்டிச் செல்லலாம்" என்று இருக்கிறது. தங்கச்சி, அந்த 125,000 பெரும்பாலும் வண்டியின் விலையாக இருக்காது. முற்பணமாகத்தான் இருக்கும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த வண்டிகளின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். படத்தில் இருக்கிற மாதிரி வண்டி 125,000க்கு வருமா என்று களுவாஞ்சிக்குடியில் எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கை உதாரணத்துக்குப் போட்டுக் காட்டுகிறேன், தம்பியைப் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். வண்டியின் ரொக்க விலை 560,000 என்று வைப்போம். 125,000 முற்பணம். மாதம் 15,200 ரூபாய், 48 மாதம். 15,200ஐ 48ஆல் பெருக்கினால் 729,600. முற்பணத்தையும் கூட்டினால் 854,600. ரொக்க விலையைவிட 294,600 ரூபாய் கூட. இதற்கு மேல் ஆவணக் கட்டணம், காப்புறுதி. லீசிங் எடுப்பது குற்றம் இல்லை, கையில் காசு இல்லாதவருக்கு அது ஒரு வழி. ஆனால் 125,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு 854,600க்குக் கையெழுத்துப் போடக்கூடாது. இரண்டு தவணை விட்டால் வண்டியைத் தூக்குவதற்கு ஆள் வரும், அப்போது கட்டிய காசு எங்கே என்று தேடவேண்டியிருக்கும். ரொக்க விலை, முற்பணம், தவணை, எத்தனை மாதம், மொத்தம், தவணை பிந்தினால் என்ன என்ற ஆறையும் ஒரு தாளில் எழுதி வாங்காமல் தேசிய அடையாள அட்டையின் பிரதியைக்கூடக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். லீசிங் நிறுவனத்தின் நடத்தையில் குறை இருந்தால் அது மத்திய வங்கியின் பொறுப்பு. 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

காணி பார்க்கிற உறவினர் யாரும் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். விளம்பரத்தில் 350,000 என்று இருந்தால் அது ஒரு பேர்ச்சின் விலையாக இருக்கலாம். பத்துப் பேர்ச் என்றால் முப்பத்தைந்து இலட்சம்.

கொக்கட்டிச்சோலைத் தேருக்கு முதல் பிளவுஸ் ஓடர் நிறைய வரும் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த 5,000 ரூபாய் வரும்வரை மெஷின் வாங்குவதை நிறுத்திவைக்க வேண்டாம். ஒன்லைனில் மொத்தம் 71,000, டவுனில் 74,000. மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஆறு மாத உத்தரவாதமும், வீட்டுக்கு வந்து பூட்டித் தருகிற ஆளும் கிடைக்கிறார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் டவுனில்தான் வாங்குவேன். பற்றுச்சீட்டில் தலையின் இலக்கம், மோட்டரின் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. காசை எண்ண முதல், கொண்டுபோன துணித்துண்டில் நீங்களே ஒரு முழத்துக்குத் தைத்துப் பாருங்கள்.

அந்தச் செய்தியை இன்று இரவே அனுப்பிவிடுங்கள். ஏழாம் நாள் என்ன பதில் வந்தது, வரவில்லை என்பதை எனக்கு எழுதுங்கள். அதிகாரசபைக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தால், கொடுக்கமுன் அதை ஒருமுறை நான் பார்த்துத் தருகிறேன்.